பழைய விலாசமும் கடன் ஏடும்



கடன் கொடுக்கிறவர் எந்தக் காலத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் கொடுப்பதில்லை. ஒன்று, "நீ யார்?" இன்னொன்று, "நீ எங்கே குடியிருக்கிறாய்?" முதல் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கும் பதில் எளிதுதான் என்று எண்ணுகிறோம். ஆனால், "இதற்கு முன்பு எங்கே இருந்தாய்? அதற்கும் முன்பு எங்கே?" என்று தொடர்ந்து கேட்டால் நம்மில் பலர் தடுமாறிப் போவோம். ஒருவர் வாழ்ந்த பழைய விலாசங்கள் அவருடைய கடன் கணக்கோடு எப்படிப் பின்னிக்கொண்டன, அதனால் மக்கள் பட்ட தொல்லை என்ன, அதற்குக் கிடைத்த நியாயம் என்ன என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

தோட்டத்துக் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எல்லாம் பற்றுப் புத்தகத்தில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். அந்தக் கடைக்காரருக்கு உங்கள் விலாசம் தேவையில்லை. உங்கள் முகம் தெரியும். உங்கள் தகப்பனாரைத் தெரியும். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்பதும் தெரியும். ஆள் இடம் மாறாத வரையில் இந்த முறைக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் இடம் மாறினால் என்ன செய்வது? அங்கேதான் நம்முடைய கதை தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்கு இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் கண்ட விடையை முதலில் பார்ப்போம். தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற நம்மவர்கள், வழிச் செலவு, முன்பணம், அரிசிக் கணக்கு என்று கடனோடுதான் அங்கே வேலை தொடங்கினார்கள். ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். "இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன்" என்பது அதன் சாரம். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். நம்முடைய தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சட்டப் புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டில் எழுதியிருக்கும் தொகையைத் தொழிலாளி சரிபார்க்க வழியில்லை. அது பழைய தோட்டமும் கங்காணியும் போட்ட கணக்கு. கூட்டத்துக்கு மொத்தமாக எழுதிய கடனில் தம்முடைய பங்கு எவ்வளவு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. தோட்டம் மாறும்போதெல்லாம் கடனும் கூடவே வந்தது. பல சமயம் வளர்ந்தும் வந்தது. பழைய இடம் சொன்னதே உண்மை, ஆள் சொல்வது உண்மையில்லை என்ற நிலை அது. பல ஆண்டுக் கண்டனத்துக்குப் பிறகு 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். கடனையும் விலாசத்தையும் மிக நெருக்கமாக முடிச்சுப் போட்ட நாடு அதுதான். அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்டில் இரண்டாம் உலகப் போரின்போது, 1939இல், எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்தார்கள். போர் முடிந்த பின் மக்கள் அதை விரும்பவில்லை. 1952இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒருவரை இன்னார் என்று காட்ட ஒரு பொது எண் அங்கே இல்லை. ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது எது? வீட்டு விலாசம்தான்.

கடன் வழக்குகளில் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளைப் பதிந்து வைக்கும் ஏடு ஒன்று இங்கிலாந்தில் 1852 முதல் இருந்து வருகிறது. அதில் கடன்பட்டவரின் பெயரும் விலாசமும் இருக்கும். தவணை முறையில் சாமான் வாங்கும் பழக்கம் பெருகியபோது, கடைகளுக்கும் வங்கிகளுக்கும் இத்தகைய விவரங்களைத் திரட்டிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் வளர்ந்தன. கம்ப்யூட்டர் வந்ததும் வேலை இன்னும் எளிதாயிற்று. ஒருவர் கடன் கேட்டு மனுப் போட்டால், அவருடைய விலாசத்தை இயந்திரத்தில் கொடுப்பார்கள். அந்த விலாசத்தில் பதிவான கடன் விவரங்கள் வந்து நிற்கும்.

வந்து நின்றது அவருடைய கடன் மட்டுமா? இல்லை. அவருக்கு முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் கட்டாமல் போன கடனும் வந்தது. மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவரின் கடனும் வந்தது. அண்ணன் பட்ட கடன் தம்பியின் மனுவில் வந்தது. வீடு மாறிப் போனவருக்கோ பழைய வீட்டில் அவருக்குப் பின் குடியேறியவரின் கடன் ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத ஒருவர் செய்த கடனுக்காக, ஒழுங்காகப் பணம் கட்டி வந்த மனிதருக்கு, "உமக்குக் கடன் இல்லை" என்ற பதில் கிடைத்தது.

இதற்கு மருந்து மூன்று கட்டங்களில் கிடைத்தது. முதல் கட்டம் 1974ஆம் ஆண்டின் பயனீட்டாளர் கடன் சட்டம். தம்மைப் பற்றி அந்த நிறுவனங்கள் என்ன எழுதி வைத்திருக்கின்றன என்பதை, சிறு கட்டணம் செலுத்தி எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமையை அது மக்களுக்குக் கொடுத்தது. தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் வழி செய்தது. தம் ஏட்டைத் தாமே பார்க்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான், அடுத்தவர் கடன் அதில் இருப்பது பலருக்குத் தெரிய வந்தது.

இரண்டாவது கட்டம், தனிமனிதரைப் பற்றிய விவரங்களைக் காக்க 1984இல் வந்த சட்டம். விவரங்களை நியாயமான முறையில் கையாள வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை. அந்தச் சட்டத்தைக் கண்காணிக்க ஓர் அதிகாரி அமர்ந்தார். மூன்றாவது கட்டமாக, 1990இல் அந்த அதிகாரி பெரிய கடன் விவர நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பினார். விலாசத்தை மட்டும் வைத்து அடுத்தவர் கடனை எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்றார். நிறுவனங்கள் விடவில்லை. சட்டம் அமைத்த தீர்ப்பு மன்றத்தில் முறையிட்டன. "ஒரு விலாசத்தில் கடன் கட்டாதவர் இருந்தால், அங்கே இருக்கும் மற்றவரும் கட்டாமல் போக வாய்ப்பு அதிகம், இது கடன் கொடுப்பவருக்குப் பயன்படும் தகவல்" என்று வாதாடின.

1991இல் தீர்ப்பு மன்றம் தன் முடிவைச் சொன்னது. அந்தத் தகவலால் கடன் கொடுப்பவருக்குப் பயன் இருப்பதை மன்றம் மறுக்கவில்லை. ஆனாலும், ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது, அவரோடு பண உறவு எதுவுமில்லாத இன்னொருவரின் கடனை, ஒரே விலாசம் என்ற காரணத்துக்காக எடுத்துக் கொடுப்பது நியாயமில்லை என்று கூறியது. ஒரே குடும்பமாய்ச் சேர்ந்து வாழ்பவர்களின் விவரத்துக்கு மட்டும் சில வரையறைகளோடு இடம் விட்டது. நேயர்களே, இலாபம் தரும் வழக்கம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்று அந்த மன்றம் சொன்னதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் விலாசம் முக்கியம் இல்லை என்று ஆகிவிடவில்லை. இன்றும் இங்கிலாந்தில் ஒருவர் தம் கடன் அறிக்கையைப் பெற வேண்டுமானால், கடந்த ஆறு ஆண்டுகளில் தாம் குடியிருந்த விலாசங்களைச் சொல்ல வேண்டும். கட்டாத கடனும் நீதிமன்றத் தீர்ப்பும் ஆறு ஆண்டுகள் ஏட்டில் இருப்பதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் தம் கடன் ஏட்டைப் பார்க்கும் உரிமை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் வீடு மாறியவர் பழைய விலாசத்தையும் கொடுக்க வேண்டிவரும். "இன்ன ஆண்டில் நீங்கள் எந்தத் தெருவில் இருந்தீர்கள்?" என்று கேட்டு, அறிக்கை கேட்பவர் உண்மையான ஆள்தானா என்று சோதிப்பதும் உண்டு. விடை தெரியாவிட்டால் தம்முடைய ஏடே தமக்குக் கிடைக்காமல் போகலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் அவசரகாலம் பிறந்த 1948ஆம் ஆண்டில் அடையாளக் கார்டு வந்தது. படமும் கைரேகையும் பதித்த அந்தக் கார்டு, காட்டிலிருந்த போராளிகளையும் மக்களையும் பிரித்தறிவதற்காக வந்தது. காலப்போக்கில் அதன் எண்ணே நம்மைக் காட்டும் அடையாளமாயிற்று. 1990இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது. 2001இல் மைகார்டு வந்தது. வங்கிக் கடன் விவரங்களைத் திரட்டும் பிரிவை பேங்க் நெகாரா 1982இல் தொடங்கியது. அதுவே 2001இல் 'சிகிரிஸ்' என்ற கம்ப்யூட்டர் முறையாக மாறியது. தனியார் கடன் அறிக்கை நிறுவனங்களுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது. நம் விவரத்தைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் அந்தச் சட்டம் உரிமை கொடுக்கிறது.

இங்கே கடன் ஏடு அடையாளக் கார்டு எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் கடன் நம் பெயரில் ஏறும் ஆபத்து இங்கிலாந்தில் இருந்தது போல் இங்கே இல்லை. ஆனால் நமக்கு வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. கடன் நம்முடையதாகவே இருக்கும். அதைப் பற்றிய கடிதம் மட்டும் நம்மிடம் வந்து சேராது.

தோட்டத்து விலாசத்தை நினைத்துப் பாருங்கள். ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், அஞ்சல் நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்தால், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே விலாசமாக இருக்கும். கடிதங்கள் தோட்டத்து ஆப்பீசுக்கு வரும். கிராணி கொடுத்து அனுப்புவார். தோட்டம் இருக்கும் வரையில் இது நன்றாக நடந்தது. ஆனால் தோட்டங்கள் நிலைக்கவில்லை. 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்த நெருக்கடியில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிறகு நகரங்கள் பெருகின. இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பங்சாரிலும் பால்மரங்கள்தான் நின்றன. தோட்டம் மூடினால் ஆப்பீசும் மூடும். அதன் பின் அந்த விலாசத்துக்குப் போகும் கடிதத்தை வாங்க ஆள் ஏது?

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகன் தோட்டத்தில் இருந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தவணைக் கடன் வாங்கினான். தகப்பனார் ஒரு நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மகள் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் எடுத்தாள். பிறகு தோட்டம் விலை போயிற்று; குடும்பம் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. நண்பர் கடனைக் கட்டவில்லை. வங்கி ஜாமீன்காரருக்கு எழுதிய கடிதங்கள் பழைய தோட்டத்துக்குப் போயின. பல ஆண்டுகள் கழித்துச் சொந்த வீடு வாங்க மனுப் போட்ட அன்றுதான் தகப்பனாருக்கு விவரம் தெரிகிறது. "எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே!" என்கிறார். பழைய விலாசத்துக்குக் கடிதம் அனுப்பியதாக வங்கியின் பதிவில் இருக்கிறது.

இப்படி நேராமல் காத்துக்கொள்ள நாம் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு பள்ளிப் புத்தகத்தை எடுத்து, குடும்பத்தில் ஒவ்வொருவரும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்த விலாசத்தில் இருந்தார் என்று எழுதி வையுங்கள். மூடிப்போன தோட்டத்தின் பெயரையும் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் பெரியவர்கள் நினைவில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வீடு மாறினால் பதிவு இலாகாவில் அடையாளக் கார்டு விலாசத்தை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. கடன் வாங்கிய ஒவ்வோர் இடத்துக்கும், ஜாமீன் போட்ட இடத்துக்கும் புதிய விலாசத்தை எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் சிகிரிஸ் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களில் தவணை ஒழுங்காகப் போயிற்றா என்பதை அதில் காணலாம். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். உங்களுடையது அல்லாத கடன் இருந்தாலும், கட்டி முடித்த கடன் கட்டாததாக இருந்தாலும் உடனே எழுதிக் கேளுங்கள்.

துண்டுக் காலத்துத் தொழிலாளிக்குத் தம் பெயரில் எழுதிய கணக்கைக் கண்ணால் பார்க்கும் உரிமை இல்லை. பழைய தோட்டம் சொன்ன தொகையைச் சுமந்துகொண்டு அவர் புதிய தோட்டத்துக்கு நடந்தார். அவருக்கு இல்லாத உரிமை இன்று நமக்குச் சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் அது கைக்கு வரும். உங்கள் ஏட்டைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.