வாய்க்காலுக்கு மேற்கே

1907ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் சூரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குப் பாரதியார் சென்றார். வ.உ.சிதம்பரனாரும் அம்மாநாட்டில் பங்கேற்றார். தபதி ஆற்றங்கரையிலுள்ள அப்பழைய துறைமுக நகரில், மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே மூண்ட பூசலால் மாநாடு பாதியிலேயே கலைந்தது. ஆயினும் ஊர் திரும்பிய கவிஞர் 1908இல் 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்னும் சிறுநூலை வெளியிட்டார். முறையாக நடந்து முடியாத ஒரு மாநாட்டிலிருந்து தமிழுக்கு ஒரு பயண நூல் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர் மற்றொரு கடற்கரை நகருக்கு வந்து சேர்ந்தார். இம்முறை மாநாட்டிற்காக அன்று, ஆங்கில அரசின் கைக்கு எட்டாதிருக்கும் பொருட்டு.

அந்தப் புதுவைக்கு இன்று கருத்தரங்கு, கவியரங்கு, மாநாடு எனத் தமிழன்பர் பலர் வருகின்றனர். அமர்வு முடிந்த மாலையில் அவர்களுடைய கால்கள் தாமாகவே கிழக்கு நோக்கி நடக்கின்றன. காந்தி சிலை, அதனைச் சூழ்ந்து நிற்கும் செஞ்சிக் கல்தூண்கள், பழைய கலங்கரை விளக்கம், சுண்டல் விற்போர், அலையின் அருகே பாறைகளில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள், மஞ்சள் சுவர்களின் முன்னே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் என யாவும் கண்ணுக்கு இனியவையே. கடற்காற்றைக் குறை கூறுவார் யார்? ஆனால் புதுவையைக் கண்டோம் என்று கூறி அவர்கள் ஊர் திரும்பும்போது நகரின் பாதியைத்தான் கண்டிருக்கின்றனர். அதுவும் வயதில் இளைய பாதியை.

நகரை இரண்டாகப் பிரிப்பது பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. நூல் பிடித்தாற்போன்ற தெருக்களைப் பிரெஞ்சுக்காரரின் கைவண்ணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரரின் வரைபடங்களிலேயே அவ்வமைப்பு காணப்படுவதை ழான் தெலோஷ் என்னும் ஆய்வறிஞர் எடுத்துக்காட்டியுள்ளார். 1761 சனவரியில் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினர். எனவே கிழக்கே காணும் மாளிகைகள் அதற்குப் பின்னர் எழுந்தவை. அப்பகுதியின் நடுவே, பாரதி பூங்காவில் நிற்கும் வெண்ணிற மண்டபமோ நகருக்குக் குடிநீர் வர வழிவகுத்தவளாகச் சொல்லப்படும் ஆயி என்னும் தமிழ்ப் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1761இன் அழிவுக்கு முன்னரே கட்டப்பெற்ற வீடு ஒன்று வாய்க்காலுக்கு மேற்கே இன்றும் நிற்கிறது. அது துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழே தேக்குத் தூண்கள் சூழ்ந்த முற்றம். மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 1736 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வரவும் துணி வாணிகமும் போரும் வீட்டுச் சடங்கும் அருகருகே இடம்பெறுகின்றன. இலக்கணம் வல்லார் கொச்சை என ஒதுக்கக்கூடிய நடைதான். ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவை மக்கள் பேசிய தமிழை அதுபோல் உயிரோடு காத்துவைத்த ஏடு வேறொன்றைக் காண்பது அரிது. 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியையும் அவரே எழுதிவைத்தார். இடித்தவர் அவர் பணிசெய்த ஆட்சியினர். இடிபட்டது அவர் மக்கள் வணங்கிய கோயில். இவ்விரண்டுக்கும் இடையே நின்று எழுதியவரின் மனத்தைக் கவிஞர்கள் இன்னும் போதுமான அளவு ஆராயவில்லை. நகர் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன்னர், அதே சனவரியில் பிள்ளை மறைந்தார்.

பாரதியார் இந்நகரில் வாழ்ந்த பத்தாண்டுகளும் மேற்குப் பகுதியோடு பின்னியவை. 'இந்தியா' இதழ் 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச்சு வரை இங்கிருந்து வெளிவந்தது. ஆங்கில இந்தியாவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டதும் நின்றுபோயிற்று. இதழின் வாய் அடைபட்டபின் கவிதை பெருகியது. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகிய மூன்றும் புதுவையின் கொடை. அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராசா கோயில் வீதி வீடு இன்று நினைவு அருங்காட்சியகம். 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தவுடன் கடலூரில் அவர் கைதானார். அந்த எல்லைக்கோடு அவருக்கு எத்தகைய காவலாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கனகசுப்புரத்தினம் பாரதியாரை அறிந்தது எந்த மாநாட்டிலும் அன்று. ஒரு திருமண வீட்டில் அவர் பாடிய பாட்டே அறிமுகமாயிற்று. பின்னர் பாரதிதாசன் எனப் பெயர் பூண்ட அவர் வாழ்ந்த பெருமாள் கோயில் வீதி 95ஆம் எண் வீடும் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. இவ்விரண்டு கவிஞரின் வீடுகளும் தப்பின. ஏனையவற்றைப் பற்றி அவ்வாறு கூற இயலாது.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தபோது நாளேடுகள் எழுதின; அரசு அதனைப் பழைய தோற்றத்திலேயே எழுப்பி 2021இல் திறந்தது. மேற்கே ஒரு தமிழ் வீடு இடிக்கப்படும்போது பெரும்பாலும் அடுத்த வீட்டார்க்குத்தான் தெரிகிறது. வீதியில் நடப்பவர்க்கு நிழல் தரவென்று ஓட்டுக் கூரை இறக்கிய தாழ்வாரம், வழிப்போக்கர் அமரத் திண்ணை, உள்ளே வானம் பார்த்த முற்றம் ஆகியவை மறைந்து, அங்கே அடுக்கு மாடியோ விடுதியோ எழுகிறது. வைசியாள் வீதியில் தாழ்வாரங்களையும் முகப்புகளையும் சீரமைத்த பணி 2008இல் யுனெசுக்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்புப் பரிசைப் பெற்றது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அது ஒரு வீதிதான்.

காந்தி சிலையிலிருந்து மேற்கே வாய்க்காலைக் கடந்து, ஆனந்தரங்கர் மாளிகையைப் பார்த்து, பெருமாள் கோயில் வீதியை அடைய அரைமணி நடை போதும். காலை அமர்வு தொடங்குவதற்குள் திரும்பிவிடலாம். வழியில் திண்ணையுள்ள வீடுகளை எண்ணிக்கொண்டே செல்லலாம். அடுத்த மாநாட்டிற்கு வரும்போது அவ்வெண்ணிக்கை ஒத்துவருகிறதா என்றும் பார்க்கலாம்.