பால் தொட்டிக்கு ஒட்டுப் போட்ட கதை

ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பால் ஸ்டோரை மறக்க முடியாது. காலையில் வெட்டிய பால் வாளிகளில் வந்து சேரும். நீர் கலந்து வடிகட்டி, நீண்ட தொட்டிகளில் ஊற்றுவார்கள். ஃபார்மிக் அமிலம் சேர்த்து, இடையிடையே தகடுகளைச் செருகினால், உறைந்த பால் பாளம் பாளமாக எழும்பும். பல தோட்டங்களில் அந்தத் தகடுகளும் தொட்டியின் உட்பக்கமும் அலுமினியத்தால் ஆனவை. (நம் வீடுகளில் ஈயச்சட்டி என்று சொல்கிறோமே, அதுவும் பெரும்பாலும் அலுமினியந்தான்.)

ஏன் அலுமினியம்? இரும்பின் துரு பாலில் கறையாகிவிடும். செம்போ இன்னும் கெட்டது. அது சிறிதளவு கலந்தாலும் இரப்பர் நாளடைவில் இளகிப் பிசுபிசுத்துப் போகும். அதனால் செம்பும் பித்தளையும் பாலின் அருகே வரக்கூடாது என்பது தோட்டத்து விதி.

தொட்டி வெடித்து ஒழுகினால் அன்றைய உழைப்பு மண்ணுக்குப் போகும். உடனே அடைக்க வேண்டும். அங்கேதான் தொல்லை. உடைந்த இரும்பைப் பித்தளை வைத்துப் பற்றவைப்பது பட்டறைகளின் பழக்கம். அலுமினியத்தில் அது செல்லாது. பித்தளை உருகச் சுமார் 900 டிகிரி வெப்பம் வேண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே ஓடிவிடும். ஓடாவிட்டாலும் பித்தளையில் செம்பு இருக்கிறதே! ஈயப்பற்று வைத்தால், ஈரம் பட்டதும் இணைப்பு அரித்துப் போகும். ஆகவே அலுமினியத்தை அலுமினியத்தாலேயே ஒட்ட வேண்டும். அதே தகட்டில் ஒரு கீற்றை வெட்டிப் பற்றுக்கம்பியாகப் பயன்படுத்துவதும் உண்டு.

ஆனால் இந்த உலோகத்திற்கு ஒரு தோல் இருக்கிறது. காற்றுப் பட்டவுடனே மேலே படியும் ஆக்சைடு அது. துருவிலிருந்து உலோகத்தைக் காப்பதும் அதுவே. ஒட்ட விடாமல் தடுப்பதும் அதுவே. அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராகிவிடும், தோல் அப்படியே நிற்கும். இரும்பைப் போல் சிவந்து எச்சரிப்பதுமில்லை. திடீரென்று இடிந்து விழும். அதனால் அசிட்டிலின் சுடரின் கரியை முதலில் பூசிக்கொண்டு, அந்தக் கரி மறைவதைப் பார்த்துச் சூட்டை அறிவார்கள் அனுபவசாலிகள்.

1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டனர். விலை இறங்கியது. ஒட்டும் வழி மட்டும் பின்தங்கியே வந்தது. குளோரைடு, ஃபுளோரைடு உப்புகள் சேர்ந்த பற்றுப்பொடியால் தோலைக் கரைத்து, ஆக்சி-அசிட்டிலின் சுடரில் ஒட்டினார்கள். அந்தப் பொடியை வெந்நீரில் தேய்த்துக் கழுவ மறந்தால் போயிற்று. சில வாரங்களில் ஒட்டையே அது தின்றுவிடும். பல ஒட்டுகள் கெட்டது கைத்திறன் குறைவால் அன்று, கழுவாத சோம்பலால் என்பது நம் கருத்து.

வழி திறந்தது போர்க்காலத்தில். 1941-இல் கலிஃபோர்னியாவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரெடித், விமானத்துக்கான மக்னீசியத்தை இணைக்க, ஹீலியம் வாயுவின் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் மின்பொறி எழுப்பினார். அதுவே டிக் வெல்டிங். பின்னர் ஆர்கான் வாயுவும் மாறுதிசை மின்சாரமும் சேர்ந்தன. மாறி மாறி வரும் மின்னோட்டத்தின் ஒரு திசையில் தோல் உடைகிறது. பொடியும் வேண்டாம், கழுவலும் வேண்டாம்.

ஆனால் எல்லாக் கலவைகளும் ஒன்றல்ல. படகுக்கும் கப்பலுக்கும் உகந்த மக்னீசியக் கலவைகள் ஒட்டிய பின்னும் வலுவில் பெரும்பகுதியைக் காக்கும். சூடாக்கி உரமேற்றிய சில கலவைகளோ ஒட்டின் அருகே 40 விழுக்காடு வரை வலுவை இழக்கும். 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்து, ஜொகூரின் பட்டறை வேலை கடற்கரை நோக்கித் திரும்பியபோது, பற்றவைப்போர் முதலில் கேட்க வேண்டியிருந்த கேள்வி இதுதான்: இது எந்தக் கலவை?