நியோநிக்கொட்டினாய்டுகளும் தேனீக்களும்

நியோநிக்கொட்டினாய்டுகள் புகையிலை நிக்கொட்டினைப் போலச் செயற்படும் செயற்கைப் பீடைகொல்லிகள். இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம், குளோதியனிடின் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. நீரில் கரைந்து வேர்வழியே ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேர்கின்றன. மாலையில் மருந்தடித்தால் தேனீ தப்பும் என்ற வழக்கமான அறிவுரை இவற்றிடம் பெரிதாக உதவாது.

தேனீயின் நரம்பிலுள்ள அசற்றைல்கோலின் ஏற்பிகளை இம்மூலக்கூறு பற்றிக்கொள்ளும். நரம்பு ஓயாது தூண்டப்பட்டுச் செயலிழக்கும். சில நனோகிராம் இமிடாகுளோபிரிட்டே ஒரு தேனீயைக் கொல்லப் போதும். அதனினும் குறைந்த அளவு கூடு திரும்பும் வழியைக் குழப்புகிறது. வழி தவறிச் செத்த தேனீ கண்ணில் படாததால் இழப்பும் கணக்கில் வராது. நைட்ரோ தொகுதிக்குப் பதில் சயனோ தொகுதி கொண்ட அசெற்றமிபிரிட்டைத் தேனீயின் நொதியங்கள் விரைவாகச் சிதைப்பதால் அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

இலங்கையில் திகன உள்ளிட்ட கண்டிப் பகுதியில் பெட்டிகளில் வளர்வது ஏபிஸ் செரனா என்னும் ஆசியத் தேனீ. உலகின் நச்சுச் சோதனைகளில் பெரும்பாலானவையோ மேற்கத்தியத் தேனீயில் செய்யப்பட்டவை. அவற்றின் அளவுகளை இங்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

இலங்கையில் நியோநிக்கொட்டினாய்டுகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகம் பேராதனை, கட்டம்பையில் உள்ளது. முதலிற் கூறிய மூன்றின் திறந்தவெளிப் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்தது.