பெருவாயிலில் மைக்

விழா மலரில் நிறுவன வரலாறு எழுத நம்மிடம் ஒரு வாய்பாடு உண்டு: அடிக்கல் நாட்டியவர், நன்கொடை தந்தவர், வரிசையாக வந்த தலைவர்கள், புதுக் கட்டடம், நன்றியுரை. அருங்காட்சியக ஆர்வலர்களுக்கான இந்த மலரில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைப் பற்றி எழுதுவதற்கும் அந்த வாய்பாடு போதும். சர் ஹான்ஸ் ஸ்லோன் விட்டுச்சென்ற சேகரிப்பை வைத்து 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டது. 1759இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குவிமாடம் போட்ட வட்ட வாசகசாலை 1857இல் வந்தது. முடிந்தது. மீதி இடத்தை அந்த மியூசியத்தின் பெருவாயிலில் இருபது ஆண்டு குடியிருந்த ஒரு பூனைக்குத் தருகிறேன். அதன் பின்னாலேயே போனால்தான், எந்த மலரிலும் படம் வராத சிலர் நம் கண்ணில் படுவார்கள்.

பூனையின் பெயர் மைக். 1909 பிப்ரவரி முதல் 1929 ஜனவரி வரை பெருவாயிலைக் காப்பதில் அது உதவியாக இருந்தது என்று ஒரு சிறுநூலின் தலைப்பே சொல்கிறது. எழுதியவர் சர் எர்னஸ்ட் வாலிஸ் பட்ஜ், 1894 முதல் 1924 வரை எகிப்திய, அசீரியத் தொல்பொருள் துறையின் காப்பாளர். கல்வெட்டும் பாப்பிரஸும் பதிப்பித்த கை, ஓய்வுபெற்ற பிறகு ஒரு வாசல் பூனைக்குப் பணிக்குறிப்பு எழுதியது. மைக்கைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அவர் சொன்னதுதான். கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லியிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

மைக்குக்கு முன்னால் பிளாக் ஜாக் என்றொரு கறுப்புப் பூனை இருந்தது. நெஞ்சும் பாதங்களும் வெள்ளை, மீசை நீளம். வாசகசாலையில் மேசை மேல் ஏறி உட்காரும். வெளியே போக வேண்டுமென்றால், படித்துக்கொண்டிருப்பவரை எழுப்பிக் கதவைத் திறக்கச் செய்யும். அந்த வாசகர் எவ்வளவு பெரிய அறிஞர் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறுதலாக அதைச் செய்தித்தாள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பொழுது போகாமல், பைண்டு செய்த செய்தித்தாள் தொகுதிகளின் தோல் முதுகில் நகத்தைத் தீட்டிக்கொண்டது. சேதம் சின்னதல்ல. பூனையை ஒழித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உத்தரவை நிறைவேற்றப் போனால் பூனையைக் காணோம். பணியாளர் இருவர் அதை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, பாலும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிளாக் ஜாக் காணாமல்போய்விட்டது, இறந்திருக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். பைண்டிங்கைச் சரிசெய்தார்கள். மேலிடம் அமைதியடைந்தது. சில வாரம் கழித்துப் பூனை தானாகவே நடமாடத் தொடங்கியது. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த நடைமுறையை விளக்கத் தேவையிருக்காது. அந்த இருவரின் பெயரை பட்ஜ் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர்கள் பிழைப்புக்கு ஆபத்து வந்திருக்குமோ என்னவோ.

1908 வசந்தத்தில் பட்ஜ் தம் குடியிருப்பின் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். எதிரே பிளாக் ஜாக் வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிற்று. அது ஒரு குட்டி. அதுதான் மைக். பட்ஜ் வீட்டில் வளர்ந்து, மெல்ல மெல்லப் பெருவாயிலோரக் காவலர் அறைப் பக்கம் போகப் பழகி, கடைசியில் இரண்டு இடத்தையும் சொந்தமாக்கிக்கொண்டது. காவலர் அறையில் காற்றடிக்காத ஒரு மூலைத் தட்டு அதற்கென்று ஒதுக்கப்பட்டது. எந்த நேரமும் போகலாம், வரலாம்.

மைக்குக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் பிளாக் ஜாக்தான். முற்றத்துப் புறாக்களை வேட்டைநாயைப் போலக் குறிபார்த்து அசையாமல் நிற்பது ஒரு பூனையின் வேலை. சுற்றிவந்து மூலைக்குத் தள்ளுவது இன்னொன்றின் வேலை. மிரண்டுபோன புறாவைக் காயம் படாமல் கவ்விக்கொண்டு போய் வீட்டுக்காரியம் பார்க்கும் அம்மாவிடம் கொடுத்தால், பதிலுக்கு இறைச்சித் துண்டும் பாலும் கிடைக்கும். புறா ஒரு சின்ன அறையில் சோளமும் தண்ணீரும் சாப்பிட்டு, ஜன்னல் வழியாகப் பறந்துவிடும். லண்டன் கரி படிந்த இறகைத் தின்ன இரண்டு பூனைகளுக்கும் விருப்பமில்லை என்கிறார் பட்ஜ். மூன்று தரப்புக்கும் நஷ்டமில்லாத இந்த ஏற்பாட்டை நடத்திவந்த அந்த அம்மாவும் நூலில் பெயரின்றித்தான் வருகிறார்.

மைக் எல்லோரிடமும் குழைகிற பூனை அல்ல. தடவிக்கொடுக்க வருபவர்களைப் பிடிக்காது. முக்கியமாகப் பெண்கள் தொட்டால் ஆகாது. தெருநாய் உள்ளே நுழைந்தால் உடலை உப்பவைத்துக்கொண்டு பாயும். போலீஸ்காரருக்கே போக்குக்காட்டும் நாய்கள் மைக்கைக் கண்டால் ஓடிவிடும்.

முதல் உலகப் போரில் ஊரெல்லாம் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் மைக்குக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டார் பட்ஜ். 1924இல் அவர் ஓய்வுபெற்றார். பூனைச் செலவுக்கு வாரம் ஆறு பென்ஸ் தந்துகொண்டே இருந்தார். காசு அவருடையது, உழைப்பு காவலர்களுடையது. வயதாகிப் பல் போன பிறகு மைக்குக்கு இறைச்சியையும் மீனையும் மெதுவாக வேகவைத்துக் கொடுத்தவர்கள் வாயிற்காவலர் மூவர். மைக்கின் ருசி அவர்களுக்கு அத்துப்படி. மற்ற மீனைவிட நாக்குமீன் மேல். ஹெர்ரிங்கைவிட மத்தி மேல். காட் மீனை முகர்ந்துகூடப் பார்க்காது. ஒரு கிழப்பூனையின் வாய்ருசி இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கிறதென்றால், அதைத் தினமும் கவனித்துச் சமைத்தவர்கள் இருந்தார்கள் என்றுதான் பொருள்.

பட்ஜ் இளகிய மனிதர் என்று பெயரெடுத்தவர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1888இல் எகிப்தின் லக்சரில் அதிகாரிகள் முத்திரையிட்டுக் காவல் போட்ட வீட்டிலிருந்து, பக்கத்து ஓட்டல் தோட்டத்து வழியாகச் சுவரடியில் துளைபோட்டுப் பொருள்களை எடுத்துவந்தவர். அந்தப் பயணத்தில்தான் புகழ்பெற்ற ஆனி பாப்பிரஸும் அவர் கைக்கு வந்து லண்டன் சேர்ந்தது. மோசூலில் பிறந்து இதே மியூசியத்துக்காக அகழாய்வு செய்த ஹோர்முஸ்ட் ரஸ்ஸாமின் நேர்மையைப் பழித்துப் பேசியதற்காக, 1893இல் வழக்கில் தோற்று 50 பவுண்டு இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. ரஸ்ஸாமுக்குக் கிடைக்காத மரியாதை மைக்குக்குக் கிடைத்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். மைக்கின் சிறுநூலை ரசிக்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்துகிறது.

எகிப்தியப் பூனைகளோடு இங்கிலாந்துக்கு இருந்த உறவும் விசித்திரம்தான். 1890இல் எகிப்தின் பெனி ஹசனிலிருந்து சுமார் 180,000 பூனை மம்மிகள் கப்பலில் லிவர்பூல் வந்து, ஏலத்தில் போய், வயலுக்கு உரமாயின. தப்பியவை கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தன. பட்ஜ் தம்மைப் பூனை மம்மிகளின் காப்பாளர் என்றே வேடிக்கையாகக் குறிப்பிட்டுக்கொள்வார். இன்று பார்வையாளர்கள் கூட்டமாக நின்று படமெடுக்கும் வெண்கலப் பூனை, மூக்கிலும் காதிலும் பொன் வளையம் பூண்ட கேயர் ஆண்டர்சன் பூனை, மைக்கின் காலத்துக்கும் பட்ஜின் காலத்துக்கும் பிறகே மியூசியத்துக்கு வந்தது.

மைக் 1929 ஜனவரி 15இல் இறந்தது. லண்டன் மாலைப் பத்திரிகையான ஈவினிங் ஸ்டாண்டர்டில் பட்ஜ் நினைவுக்குறிப்பு எழுதினார். அமெரிக்காவின் டைம் இதழும் செய்தி வெளியிட்டது. அச்சு நூல் துறையின் எஃப். சி. டபிள்யூ. ஹைலி இரங்கற்பா பாடினார். அந்த ஆண்டே பட்ஜின் குறிப்பு தனி நூலாக வந்தது. எத்தனையோ துறைத்தலைவர்களுக்குக் கிடைக்காத பேறு. வேகவைத்துக் கொடுத்த காவலர்களின் இரங்கலை யாரும் கேட்டுப் பதிந்ததாகத் தெரியவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1970களில், மியூசியத்தில் பூனைகள் பெருகிப்போய் மறுபடியும் ஒழிப்பதைப் பற்றிய பேச்சு வந்தது. இந்த முறை யாரும் ஒளித்து வைக்கவில்லை. துப்புரவுப் பணியாளர் ஒருவர் முன்வந்தார்; சக பணியாளர்களைச் சேர்த்துப் பூனை நலச் சங்கம் ஒன்றை அமைத்தார். குட்டி போடாமல் அறுவைசிகிச்சை செய்து, சிலவற்றை வீடுகளுக்குக் கொடுத்து, எலி பிடிக்கச் சிலவற்றை மட்டும் மியூசியத்திலேயே வைத்துக்கொள்ள நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்தார்கள்.