மறந்த கடவுச்சொல்லும் மாற்றுவாயிலும்

காவலுள்ள இடமெங்கும் கடவுச்சொல் உண்டு. கடவுச்சொல் உள்ள இடமெங்கும் மறதியும் உண்டு. மறந்தவனை மீண்டும் உள்ளே விடுதல் வேண்டும். மறந்தவன்போல் நடிப்பவனை வெளியே நிறுத்துதலும் வேண்டும். இணையத்தளங்களிற் காணப்படும் கடவுச்சொல் மீளமைப்புப் படிவம் இவ்விரு கடமைகளையும் ஒருங்கே தாங்குவது. அது பழுதுறுமிடத்துச் செப்பஞ்செய்யும் முறை யாதென்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடைத்து.

கி. மு. இரண்டாம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு, உரோமப் படைவீட்டில் இரவுக் கடவுச்சொல் வழங்கப்பட்டவாற்றை விளக்கியுள்ளார். மரப்பலகையில் எழுதப்பெற்ற அச்சொல், மாலையில் தலைவனின் கூடாரத்திலிருந்து கடைக்கோடிப் படைப்பிரிவுக்குச் செல்லும். அங்கிருந்து சாட்சிகள் முன்னிலையிற் பிரிவுக்குப் பிரிவு கைமாறி, இருள்சூழுமுன் தலைவனிடமே மீளும். பலகையொன்று மீளாதாயின், வந்தவற்றிலுள்ள குறிகளைக்கொண்டு எப்பகுதியிலிருந்து வரவில்லையென அவன் அறிவான். எங்கே நின்றது என்னும் வினாவே பழுதுபார்த்தலின் முதல் வினா என்பது ஈண்டு அறியத்தக்கது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது அண்மைக் காலத்திலாகும். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரின் தலைமையில் உருவாகி 1961 இற் செய்துகாட்டப்பெற்ற நேரப்பகிர்வு முறைமையிற் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தினர். ஆதலின் ஒவ்வொருவர்க்கும் தனிச்சொல் வேண்டியதாயிற்று. 1966 இல் அங்கு நேர்ந்த பழுது புகழ்பெற்றது. கோப்புகளைத் திருத்த உதவிய செய்நிரல், தன் தற்காலிகக் கோப்புக்கு எப்பொழுதும் ஒரே பெயரையே இட்டது. நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இருவேறு கோப்புகளைத் திருத்தவே, அன்றைய அறிவித்தல் தோன்றவேண்டிய இடத்தில் அனைவரின் கடவுச்சொற்களும் தோன்றின. பூட்டை எவரும் உடைத்திலர்; பூட்டுக்கு அயலிலிருந்த கருவியே வாயிலைத் திறந்தது.

சொற்களை உள்ளவாறே எழுதிவைத்தலின் தீங்குக்கு மாற்றும் பிறந்தது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து உரோசர் நீடாம் கண்ட ஒருவழி முறையை, மோரிசு வில்க்சு 1968 இல் வெளியான தம் நூலில் விவரித்தார். இம்முறையிற் கணினி சொல்லை வையாது, அதிலிருந்து கணிக்கப்பெற்ற, மீளத் திருப்பமுடியாத உருவை மட்டும் வைத்திருக்கும். ஆகவே மறந்த சொல்லை நிருவாகியாலும் எடுத்துரைக்க இயலாது. புதிய சொல்லொன்றை அமைத்தலே வழி. மீளமைப்பு இன்றியமையாததானமை இதனாலேயாம்.

எனினும், மாற்றுவாயில் மெலிந்திருப்பின் தலைவாயிலின் வலிமை பயன்படாது. 2008 இல் அமெரிக்கத் துணைச் சனாதிபதி வேட்பாளர் சாரா பேலினின் யாகூ மின்னஞ்சற் கணக்கினுட் புகுந்த இளைஞன், கடவுச்சொல்லை ஊகித்தானல்லன். மறந்தோர்க்கென வைக்கப்பட்ட வினாக்களுக்கு, யாவரும் அறியக்கூடிய செய்திகளைக்கொண்டு விடையளித்தே நுழைந்தான்.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பகுதியில் மினிப்பே இடக்கரைக் கால்வாயின் நீரைப் பெறும் கமக்காரர், கடைவயலுக்கு நீர் வாராதபோது வாய்க்கால்வழியே நடந்து அடைப்பைக் காண்பரேயன்றிக் கரையை வெட்டிவிடார். ஒருவர் தாமே ஆக்கிய மீளமைப்புப் படிவத்துக்கும் இம்முறையே ஏற்றது. வேண்டுகோள் வந்ததா, இரகசியக் குறி பிறந்ததா, மின்னஞ்சல் சென்றதா, இணைப்பு அக்குறியை முழுமையாகத் தாங்கியதா, புதிய சொல் பதிவாயிற்றா எனப் படிப்படியாக நோக்குதல் வேண்டும்.

இலங்கையில் எளிதில் நேரக்கூடிய தவறொன்று உண்டு. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டது. ஒரு மணி நேரம் செல்லுபடியாகும் குறியின் முடிவைப் பொது நேரத்தில் எழுதி, இலங்கை நேரத்தோடு ஒப்பிட்டால், அக்குறி பிறக்கும்போதே நாலரை மணி முன்னர்க் காலாவதியானதாகத் தோன்றும். இன்னும், சில மின்னஞ்சற் காவற் செய்நிரல்கள் இணைப்பைத் தாமே திறந்து சோதித்தலால், ஒருமுறைக்குரிய குறி பயனர் கைப்படுமுன்னரே செலவாதலும் உண்டு.

இத்தகைய வேளையிற் கால எல்லையையோ ஒருமுறை விதியையோ நீக்கிவிட்டால் படிவம் உடனே இயங்கும். குறியைக் கவர்ந்தவனுக்கும் அது இயங்கும். நகரத்து அலுவலகத்துக்கு நெடுந்தூரம் செல்லவேண்டிய வில்கமுவ மாணவனுக்கு அப்படிவமே வாயில். அவனை வீணே தடுத்தலும் தீது. அவன் பெயரிற் பிறனை விடுதல் அதனினும் தீது. தடையை நீக்குக, காவலை நீக்கற்க என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.