திரைக்குக் காவல் யார்?



"பையன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், வாங்கி வைத்தால் சோறு உண்ண மாட்டேன் என்கிறான்." இந்தக் குறை இன்று தோட்டத்து வீடுகளில் கேட்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபோன நம் குடும்பங்களிலும் கேட்கிறது. "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஏன் இல்லை? அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடக்கமானவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடங்காதவர்கள் என்பதா காரணம்? அல்லவே அல்ல. திரை என்பது நம் லயங்களுக்கு எப்படி வந்தது, அதற்கு அன்று யார் காவல் இருந்தார்கள் என்று சற்றுத் திரும்பிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மலாயன் பிலிம் யூனிட் 1946-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் படப்பெட்டியோடு வந்தன. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். சில தோட்டங்களில் நிர்வாகமும் அவ்வப்போது படம் போட்டது. பிள்ளைகள் பாயோடும் சாக்கோடும் முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். அன்றைய பிள்ளைக்கு ஆசை குறைவாகவா இருந்தது? படம் முடிந்தபின்னும் எழுந்திருக்க மனம் வராதுதான். ஆனால் வண்டி போய்விடும். மறுபடி அது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த வண்டிதான் அன்றைய காவல்.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும், அதே ஆண்டு டிசம்பர் 28-இல் கோலாலம்பூரிலும் ஒளிபரப்பு தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். நிகழ்ச்சிகளும் மாலை நேரத்தில் சில மணி மட்டுமே. இரவில் தேசிய கீதம் ஒலிக்கும்; நிலையம் மூடப்படும். அதன்பின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

தோட்டங்களிலோ அதற்கு மேலும் ஒரு காவல் இருந்தது. பல தோட்டங்களில் மின்சாரம் தோட்டத்து இயந்திரத்திலிருந்துதான் வந்தது. மாலையில் ஓடத் தொடங்கும் இயந்திரம் இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். லயம் முழுவதும் இருட்டாகிவிடும். மின்சாரமே இல்லாத இடங்களில் கார் பேட்டரியை வைத்துத் தொலைக்காட்சி பார்த்தவர்களும் உண்டு. பேட்டரி இறங்கினால் படமும் அடங்கிவிடும். லயத்தில் ஒரு வீட்டிலோ இரண்டு வீட்டிலோதான் பெட்டி இருக்கும். தமிழ்ப்படம் ஒளியேறும் நாளில் அக்கம்பக்கமெல்லாம் அங்கே கூடும். பிறர் வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? மரியாதை என்ற காவலும் அங்கே சேர்ந்தே இருந்தது.

இந்தக் காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. 1969-இல் இரண்டாவது அலைவரிசை வந்தது. 1978-இல் மலேசியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியது. 1984 ஜூன் முதல் தேதியில் முதல் தனியார் நிலையமான டிவி3 தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே 1980-களில் வீடியோ நாடாக்கள் வீட்டுக்கு வீடு கைமாறின. நிலையம் மூடினாலும் நாடா ஓடும். ஆனால் அதையும் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1996-இல் துணைக்கோளத் தொலைக்காட்சி வந்தபின் இரவு பகல் என்ற எல்லையும் மறைந்தது. இப்போது கைப்பேசி. கடையுமில்லை, நாடாவுமில்லை; மின்சாரம் நின்றாலும் அது நிற்பதில்லை. ஒவ்வொருவர் கையிலும் தனித்தனித் திரை.

வீடியோ விளையாட்டின் கதையும் இதுதான். 1972-இல் அமெரிக்காவின் அதாரி நிறுவனம் போங் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. இரண்டு கோடுகள், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1978-இல் ஜப்பானிலிருந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்து உலகத்தையே பிடித்துக்கொண்டது. இவை கடைகளில் வைக்கப்பட்ட, நாணயம் போட்டு ஆடும் பெட்டிகள். ஆடுகிறவன் சீக்கிரம் தோற்க வேண்டும், மறுபடி காசு போட வேண்டும். அதற்கேற்றபடிதான் ஆட்டம் போகப்போகக் கடினமாகும். பெற்றோர்கள் பதறினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் அதிபர் மார்கோஸ் 1981-இல் இத்தகைய ஆட்டங்களை அறவே தடை செய்தார். எனினும் அந்தப் பெட்டியிலும் ஒரு காவல் இருந்ததை நாம் மறக்கலாகாது. சட்டைப் பையில் காசு தீர்ந்தால் பையன் வீட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வீட்டு விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. ஆட்டம் கடையைவிட்டு வீட்டுக்குள் வந்தது. 1989-இல் அதே நிறுவனத்தின் கைப்பெட்டி வந்தது. ஆட்டம் பைக்குள் புகுந்தது. இன்று கைப்பேசி ஆட்டங்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. காசில்லை, எனவே முடிவுமில்லை. நாள்தோறும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்று பிள்ளையை மறுநாளும் அழைக்கிறார்கள். பிறகு ஆயுதம் வாங்க, உடை வாங்க என்று பணமும் கேட்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை இதை எதிர்த்து நிற்பதென்றால் எளிதா? அதை வடிவமைத்தவர்கள் படித்துத் தேர்ந்த பெரியவர்கள். பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

சரி, அரசாங்கமே காவல் இருக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். இதையும் உலக நாடுகள் செய்து பார்த்திருக்கின்றன.

இங்கிலாந்தில் 1950-களில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை தொலைக்காட்சியே கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில் பெற்றோர் சிறு பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம், பெரிய பிள்ளைகளைப் பாடத்தில் உட்கார வைக்கலாம் என்பது ஏற்பாடு. 1955-இல் விளம்பர வருவாயை நம்பிய தனியார் தொலைக்காட்சி அங்கே தொடங்கியது. ஒரு மணி நேரம் மூடிக் கிடந்தால் அதற்கு நட்டம். 1957 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பிள்ளையைத் தூங்க வைப்பது பெற்றோர் பொறுப்பு என்பதே அதற்குப் பொறுப்பான அமைச்சர் சார்ல்ஸ் ஹில்லின் கருத்தாக இருந்தது.

ஐஸ்லாந்து என்னும் சிறிய தீவு நாட்டில் 1966-இல் தொலைக்காட்சி வந்தது. அங்கே வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. 1987 வரை இந்த வழக்கம் நீடித்தது. வாரத்தில் ஒரு மாலை, மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வாய்த்தது.

அண்மைக் காலத்தில் தென்கொரியா 2011-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய ஆட்டம் ஆடக் கூடாது என்றது. பிள்ளைகள் பெரியவர்களின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தார்கள். கைப்பேசி ஆட்டங்களுக்கோ அந்தச் சட்டம் பொருந்தவில்லை. பத்தாண்டுக்குப் பிறகு அது நீக்கப்பட்டது. சீனா 2021-இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் இரவு 8 முதல் 9 மணி வரை என்று வரையறுத்தது. அங்கும் தாத்தா பாட்டியின் பெயரில் ஆடும் பிள்ளைகள் உண்டு.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? நிலையம் காத்தது, இயந்திரம் காத்தது, காசு காத்தது, சட்டம் காத்துப் பார்த்தது. எல்லாம் விலகி, கடைசியில் காவல் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நம் முன்னோர்கள் சுமக்காத ஒரு வேலை இது. அவர்களைவிட நாம் பொறுப்பற்றவர்கள் என்பதல்ல. அவர்களுக்காக வேறு யாரோ செய்த வேலையை இப்போது நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

காவலே வேண்டாம், விட்டுவிட்டால் என்ன? இதற்கும் ஒரு சான்று உண்டு. கனடா நாட்டில் மலைகளுக்கிடையே இருந்த ஒரு சிற்றூருக்கு 1973 வரை தொலைக்காட்சி அலை எட்டவில்லை. அது வருவதற்கு முன்பும், வந்து இரண்டாண்டு கழித்தும் அங்குள்ள பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1986-இல் முடிவுகள் நூலாக வெளிவந்தன. சிறு பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பின்தங்கியிருந்தது. விளையாட்டுத் திடலில் அடிதடியும் வசைச்சொல்லும் கூடியிருந்தன. ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வருவோர் குறைந்திருந்தனர். திரை கெடுத்தது என்பதைவிட, திரை எடுத்துக்கொண்ட நேரம் எதிலிருந்து போனது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நம் தோட்டங்களிலும் மாலை நேரம் என்றால் பந்து, சடுகுடு, கோவில் பஜனை, நாடக ஒத்திகை என்று இருந்த காலம் ஒன்று உண்டு.

தூக்கமும் அப்படித்தான் போகிறது. 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பள்ளிப் பேருந்துக்காக அதிகாலை 5.30-க்கு எழும் பிள்ளை, இரவு 8.30-க்காவது படுத்தால்தான் 9 மணி நேரம் கிடைக்கும். போர்வைக்குள் 11 மணி வரை ஆடிய பிள்ளை மறுநாள் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பாடம் உள்ளே போகாது. பால்மரம் வெட்டியவரின் பிள்ளை ஆசிரியரானதும் மருத்துவரானதும் பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான். அந்த வழி பிள்ளையின் தூக்கத்தில் அடைபட்டுப் போகலாமா?

ஆனால், திரையே கூடாது என்று சொல்வதும் சரியல்ல. 1972-இலேயே நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே வகுப்பறை ஆயிற்று. ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முறை போட்டுப் படித்த வீடுகள் நம்மிடையே உண்டு. பாடமும் அதில்தான், ஆட்டமும் அதில்தான். ஆகவே பிடுங்கிப் பூட்டுவது வழியல்ல. நேரம் வகுப்பதே வழி.

எப்படி வகுப்பது? மேலே கண்ட வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ஒரு மணி நேரத்தை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாலையில் குளித்துச் சாமி கும்பிட்டு, பாடம் எழுதிச் சாப்பிட்டு முடிக்கும் வரை எந்தத் திரையும் எரியக் கூடாது. இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். தாய் நாடகத்தொடரும் தகப்பன் காணொலியும் பார்த்துக்கொண்டு, பிள்ளையை மட்டும் படி என்றால் அந்தச் சொல் எடுபடாது.

தோட்டத்து இயந்திரம் இரவில் நின்றதுபோல் வீட்டிலும் ஒரு நேரம் குறித்துக்கொள்வோம். அந்நேரத்தில் எல்லாக் கைப்பேசிகளும் பெரியவர்கள் படுக்கும் இடத்தில் மின்னேற்றத்துக்குப் போகட்டும். அதிகாலையில் எழுப்ப மணி வேண்டுமென்றால் சிறிய கடிகாரம் ஒன்று போதும். தென்கொரியப் பிள்ளைகளை நினைவில் வைத்து, கடவுச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லாமல் வைத்திருப்போம். பணம் கட்டும் செயலிக்கு இது மிகவும் அவசியம்.

ஆட்டத்தின் நடுவே வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். பாதியில் நிறுத்தினால் பிள்ளை தோற்றதாகக் கணக்காகும்; கோபம் அதனால்தான் வருகிறது. "தம்பி, இந்த ஆட்டத்தோடு போதும், வைத்துவிடு" என்று முன்கூட்டிச் சொல்வோம். சொன்ன பிறகு விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது. சோறூட்டக் கைப்பேசி காட்டும் வழக்கத்தை இந்த வயதிலேயே நிறுத்துவது எளிது, பின்னால் கடினம்.

இருட்டோடு பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ களைத்து வரும் தாய் தகப்பனுக்கு இதற்கெல்லாம் தெம்பு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்பு தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். இன்று பல வீடுகளில் திரைதான் ஆயாவாக இருக்கிறது. எனவே இதை ஒரு வீட்டு வேலையாக மட்டும் பார்க்காமல், லயத்து வேலையாகவும் பார்ப்போம். நான்கு வீட்டார் ஒரே நேரத்தை வைத்துக்கொண்டால், "பக்கத்து வீட்டில் விடுகிறார்களே" என்ற பேச்சுக்கே இடமிராது. பாட்டி தாத்தாவிடமும் அந்த நேரத்தைச் சொல்லி வைப்போம். ஐஸ்லாந்துக்காரர்களின் வியாழக்கிழமையைப்போல் வாரம் ஒரு மாலையைத் திரையின்றி வைத்து, பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போக ஒருவர் முறை எடுத்துக்கொண்டால், மற்ற மூன்று வீட்டாரும் சற்று இளைப்பாறலாம்.

நேயர்களே, வண்டி போய்விட்டது, இயந்திரம் நின்றுவிட்டது, தேசிய கீதம் பாடி மூடிய நிலையம் இப்போது மூடுவதில்லை. பிள்ளைக்கு "போதும்" என்று சொல்ல நாம்தான் மிஞ்சியிருக்கிறோம். அந்தச் சொல்லை அன்போடு சொல்வோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் சொல்வோம். நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்வோம்.