அமெரிக்க நிறுவனர்களும் அடிமைமுறையும்

அமெரிக்கக் குடியரசை நிறுவியோரில் பலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தனர். இது பற்றிய விவாதம் குடியரசைவிடச் சற்று மூத்தது. அடிமை முதலாளிகள் விடுதலை முழக்கம் இடுவதைச் சாமுவேல் ஜான்சன் 1775-லேயே லண்டனிலிருந்து எள்ளினார். அக்காலத்தவரை அக்கால அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது நிறுவனர்கள் சார்பில் வழக்கமாகச் சொல்லப்படுவது. அதை ஏற்றாலும் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக நேராவதில்லை. பென்சில்வேனியா 1780-இல் படிப்படியான ஒழிப்புச் சட்டம் இயற்றியது. உடைமையாளரே அடிமைகளை விடுவிக்க வர்ஜீனியா 1782-இல் வழிவிட்டது. அவ்வழியில் ராபர்ட் கார்ட்டர் என்ற வர்ஜீனிய நிலக்கிழார் 1791-இல் 450-க்கும் மேற்பட்டோரின் விடுதலைக்குப் பத்திரம் எழுதினார். இன்று அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

சான்றுகள் செறிந்திருப்பது 1790-களுக்குத்தான். அப்போது தலைநகர் பென்சில்வேனியாவிலுள்ள பிலடெல்பியா. வெளியூரார் கொண்டுவரும் அடிமை அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். எனவே அங்கே வசித்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் வீட்டு அடிமைகளைக் கெடு முடியுமுன் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்தார். காரணம் அவர்களுக்கும் ஊருக்கும் தெரியாதபடி ஏதேனும் சாக்குச் சொல்லுமாறு 1791-இல் செயலருக்கு எழுதினார். மறைக்க வேண்டிய செயல் என்று உணர்ந்தவரை அறியாக் காலத்தவர் என்பது கடினம். 1796 மே மாதம், குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், ஓனா ஜட்ஜ் என்ற பணிப்பெண் வெளியேறினார். பத்து டாலர் பரிசு அறிவித்த பத்திரிகை விளம்பரம் அவருடைய முகப்புள்ளிகள், அடர்ந்த கூந்தல், விதவிதமான நல்லுடைகள் எல்லாவற்றையும் வருணித்துவிட்டு, அவர் ஓடிப்போகக் காரணமே இல்லை என்கிறது. எஜமானர்கள் இறந்தபின் அவர்களுடைய பேத்திக்குத் தாம் உடைமையாக வேண்டியிருந்ததாக, 1840-களில் அளித்த பேட்டியில் ஓனா சொன்னார்.

சட்டம் கையைக் கட்டியிருந்தது என்ற மறுப்பில் பாதி உண்மையுண்டு. மனைவியின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்த அடிமைகளை வாஷிங்டன் விடுவிக்க இயலாது. ஓனாவும் அவர்களில் ஒருவர். தமக்கே உரிய 123 பேரையோ 1799 உயிலில்தான் விடுவித்தார், அதுவும் மனைவியின் காலத்துக்குப் பின் என்று. இன்னொரு நிறுவனரான தாமஸ் ஜெபர்சனின் கணக்கு இதைவிடக் கடினமானது. வாழ்நாளில் அவர் 600-க்கும் மேற்பட்டோரை உடைமையாகக் கொண்டிருந்தார். முறைப்படி விடுவித்தது எழுவரை. கடனுக்காக 1827-இல் அவரது மான்டிசெல்லோ பண்ணையில் 130 பேர் ஏலத்துக்கு விடப்பட்டனர். அவரது அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என்பதை, 1998 மரபணுச் சோதனைக்குப் பின் ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கின்றனர், மறுப்போரும் உளர்.

அரசியலமைப்பு அடிமைமுறைக்குக் காவலா எதிரியா என்பதில் ஒழிப்பு இயக்கத்தாரே பிளவுபட்டனர்: வில்லியம் லாயிட் காரிசன் 1854-இல் அதைப் பொதுக்கூட்டத்தில் எரித்தார், பிரடெரிக் டக்ளஸ் அதிலேயே விடுதலைக்கான சான்றைத் தேடினார். விவாதம் இன்னும் ஓயவில்லை. அடிமைமுறையை அமெரிக்க வரலாற்றின் மையத்தில் வைத்து 2019-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட '1619' கட்டுரைத் தொடர் வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சையைக் கிளப்பியது. நியூயார்க் நகர மன்றக் கூடத்திலிருந்து ஜெபர்சன் சிலை 2021-இல் அகற்றப்பட்டது.